நாக்கை நீட்டு

இன்று காலை க்ளினிக்கில் கிராம்பு எண்ணெய்ச் சீசா கை தவறி விழுந்து உடைந்தது. ஒரு நொடியில் அறை முழுக்க அந்தக் காட்டமான வாசனை. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள்கூட மூக்கைச் சுளித்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உதவியாளர் பெண் மட்டும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு வாசனை வருதா?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "வருதே டாக்டர். தலையே வலிக்குது. ஏன் கேக்கறீங்க?"

ஏன் கேட்டேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. கொரோனா வந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்; அவளுக்கு அது ஆன்லைன் வகுப்பும் விடுமுறையும்தான். சொன்னாலும், "அப்படியா டாக்டர்" என்று மரியாதைக்குத் தலையாட்டுவாள். முழுசாகக் கேட்கக்கூடியவள் நீ ஒருத்திதான். நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் இருவரும் மேடவாக்கத்து க்ளினிக்கில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இரண்டு நாற்காலி, மூன்று மருத்துவர். நாம் இருவர், க்ளினிக்கின் சொந்தக்காரரான சார் ஒருவர். உதவிக்கு தேவி. நான் ஈஞ்சம்பாக்கம் குப்பத்தில் மீன் விற்கும் வீட்டிலிருந்து வந்தவள். நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பாவுக்குப் பல்லாவரத்தில் ஹார்டுவேர் கடை. கம்பெனி மூட்டையில் வரும் ஆணியையும் தன் தராசில் இன்னொரு முறை எடை போட்டுப் பார்த்துத்தான் அவர் உள்ளே எடுப்பாராம். அந்தக் குணம் உனக்கு அப்படியே வந்திருந்தது. தண்ணீர் கேன் வந்தால் மூடியின் சீலைத் திருகிப் பார்ப்பாய். ஆட்டோக்காரர் "ரோடு ப்ளாக்" என்றால் இறங்கி நின்று எட்டிப் பார்ப்பாய். நோயாளி ஒருவர், "ரெண்டு வேளையும் பல் விளக்கறேன் டாக்டர்" என்று சொன்னபோது, "கடைசியா எந்தப் பக்கம் முடிச்சீங்க, வலதா இடதா?" என்று நீ கேட்டதும் அவர் திணறிப்போனார். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாய்: "வாய் பொய் சொல்லும்டி. வாய்க்குள்ள இருக்கறது சொல்லாது."

உன்னை நான் எத்தனை முறை கேலி செய்திருப்பேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் பல்லை எண்ணிப் பார்த்தாயா என்றுகூடக் கேட்டிருக்கிறேன். "பின்னே? கடைவாய்ல ஒரு சொத்தை இருந்துது. மஹர் பணம் பேசறதுக்கு முன்னாடியே அடைச்சுட்டேன்" என்றாய். அது வேடிக்கைப் பேச்சா நிஜமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

முதல் ஊரடங்கு தளர்ந்து க்ளினிக்கைத் திறந்தபோது, உன் குணம் ஊர் முழுவதற்கும் வந்துவிட்டது. எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். இருமுகிறவனைப் பார்த்தால் பஸ்ஸில் பாதி இருக்கை காலியாகும். பல் டாக்டர் என்றால் இன்னும் மோசம். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்திருப்பவர்கள் நாம். பல் சுத்தம் செய்யும் கருவி ஓடினால் எச்சிலும் தண்ணீரும் புகை மாதிரி எழும்பும். அம்மாவிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிறவர்கள் அவள் கூடையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "ஒம் பொண்ணு டாக்டரு. நாலு பேரு வாயில கைய வுட்டுகினு வருது. கொஞ்ச நாள் போவட்டும் ஆயா" என்று முகத்துக்கு நேராகவே ஒருத்தி சொல்லிவிட்டாள். அம்மா அதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று மீன் முழுதும் மிஞ்சி, பாதியைக் கருவாட்டுக்குப் போட்டாள்.

எனக்கு அப்பாவை நினைத்துத்தான் பயம். காலமெல்லாம் பீடி குடித்த நுரையீரல். மாடிப்படி ஏறினாலே நின்று மூச்சு வாங்குவார். அவருக்கு என் மூலம் எதுவும் வந்துவிடக் கூடாது என்று, வீட்டுக்குள் நுழையும் முன்பே குளித்துவிடுவேன்.

நீ அந்த பாட்டிலைக் கொண்டுவந்தது அப்போதுதான். ஊறுகாய் பாட்டில் ஒன்றில் காபிப் பொடி போட்டு, வாயில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியைக் கட்டி, வெளியே சுற்றிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தாய். எதற்குப் பிளாஸ்திரி என்று கேட்டேன்.

"உள்ள இருக்கறது தெரிஞ்சா, கண்ணைப் பார்த்து மூக்கு காப்பி அடிக்கும்" என்றாய்.

காய்ச்சல் பார்க்கும் கருவியை நீ நம்பவில்லை. மாத்திரை போட்டுவிட்டு வந்தால் காய்ச்சல் தெரியாது என்றாய். வாசனையும் ருசியும் போவதை மாத்திரையால் மறைக்க முடியாது. அதனால் தினமும் வேலை தொடங்கும் முன், க்ளினிக்கின் பின்பக்கத் திறந்த வெளியில் ஒவ்வொருவராக வந்து மாஸ்க்கை இறக்கி முகர்ந்து பார்த்து, என்ன வாசனை என்று சொல்ல வேண்டும். பாட்டிலை நீயேதான் கையை நீட்டிப் பிடித்துக்கொள்வாய். எங்கள் முறை முடிந்ததும் பாட்டிலைத் தேவியிடம் கொடுத்துவிட்டு நீயும் முகர்வாய்.

சாருக்கு அது பிடிக்கவே இல்லை. "ஏம்மா, இது க்ளினிக்கா, போலீஸ் ஸ்டேஷனா?" என்பார். ஆனாலும் செய்தார். நோயாளிகளிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார் என்பதும் நமக்குத் தெரியும்.

கொஞ்ச நாள் எல்லோரும் "காபி, காபி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனோம். பிறகு ஒரு நாள் மத்தியானம் தேவி நம் இருவரையும் கருவிகள் கழுவும் இடத்துக்குக் கூப்பிட்டாள். பெரும்பாக்கம் குடியிருப்பில் ஒற்றை அறையில் அம்மாவோடும் இரண்டு குழந்தைகளோடும் இருப்பவள். பயந்தவள் இல்லை, ஆனால் அன்று குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"மேடம், நம்ம சாருக்கு டீயில சக்கர போட மறந்துகினேன். அவரு பாட்டுக்கு குட்ச்சிட்டு கிளாஸ கீய வச்சாரு. ஒண்ணுமே சொல்லல. எப்பவும் ஒரு ஸ்பூன் கம்மின்னாலே கத்துவாரு இல்ல?"

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "டயட்டா இருக்கும்" என்றேன். நீ அப்படி விடவில்லை.

"நேத்துலேருந்து அவர் பேசும்போது ஒரு சத்தம் கவனிச்சியா?" என்று என்னைக் கேட்டாய். "நாக்கு மேலண்ணத்துல ஒட்டிப் பிரியற சத்தம். ஒரு நோயாளிகிட்டப் பேசி முடிக்கறதுக்குள்ள மூணு தடவை தண்ணி குடிக்கறார். உதட்டு ஓரம் வெடிச்சிருக்கு. மாஸ்க் இறக்கும்போது பார்த்தேன்."

"நாள் பூரா என்-95 போட்டா யாருக்குமே வாய் வறளும்டி. எனக்கும்தான் வறளுது" என்றேன்.

அப்போது நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். நீ சாரைப் பற்றித்தான் யோசிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நான்தான் முதலில் பின்பக்கம் வந்தேன். மாஸ்க்கை இறக்கினேன். நீ பாட்டிலை நீட்டினாய். நன்றாக இழுத்து முகர்ந்தேன். "காபி" என்றேன். நீ தலையாட்டினாய். ஓரமாகப் போய் நின்றேன்.

அடுத்து தேவி. முகர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு தும்மல் போட்டாள். நீ சட்டென்று விரலை மாஸ்க்கின் மேல் வைத்து, பேசாதே என்று சைகை காட்டினாய். அவள் கண்ணை அகலமாக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். தூசி ஏறியிருக்கும் என்று நான் நினைத்தேன்.

கடைசியில் சார் வந்தார். கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே மாஸ்க்கை இறக்கினார். பாட்டில் மூக்கருகில் போவதற்கு முன்பே, "காபி. ஃபர்ஸ்ட் க்ளாஸ் காபி. போதுமாம்மா?" என்றார்.

"சார், இது சீயக்காய்" என்றாய்.

பின்னால் மேடவாக்கம் சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது மட்டும் கேட்டது. பிறகு தேவி மெதுவாக, "அதான் பாத்தேன், தலைக்கு தேய்ச்சிக்கிற வாசன வருதேன்னு" என்றாள்.

என் காது சூடாகிவிட்டது. நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. காபி என்றேனே. நன்றாக இழுத்து முகர்ந்து, காபி வாசனை வந்தது போலவே இருந்ததே. மீன் வாடையிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் குப்பத்தில் காற்றை முகர்ந்தே கரைக்கு எந்த மீன் வந்திருக்கிறது என்று சொல்வார்கள். என் மூக்கு போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். என் வாயை மட்டும் விட்டுவிட்டேன்.

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னை டெஸ்ட் பண்றியா? எனக்கு ஜலதோஷம். அவ்வளவுதான். போன வாரம் டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். நம்பிக்கை இல்லாம ஒரே இடத்துல எப்படிம்மா வேலை செய்யறது?"

நீ குரலை உயர்த்தவே இல்லை. "நம்பிக்கை இருக்கு சார். வாயைத் திறங்க. பார்த்துட்டு நம்பிக்கறேன்."

அவர் திறக்கவில்லை. மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது, "இது வெளிய போனா க்ளினிக் பேர் கெட்டுடும். உங்க எல்லாருக்கும்தான் நஷ்டம்" என்றார்.

நீ என் பக்கம் திரும்பினாய். "நாக்கை நீட்டு" என்றாய்.

வெயில் பார்த்து நிற்க வைத்தாய். இன்னொரு மாஸ்க்கை மேலே போட்டு, முகக் கவசத்தையும் மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்தாய். நான் ஆயிரம் பேரின் வாயைப் பார்த்திருக்கிறேன். என் வாயை இன்னொருத்தி முகத்தில் படித்தது அன்றுதான். உன் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை நாக்கிலிருந்து மேலண்ணத்துக்கும், அங்கிருந்து உதட்டின் உட்புறத்துக்கும் நகர்ந்தன. எங்கெல்லாம் நின்றனவோ, அங்கெல்லாம் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

"நாக்கு நடுவுல வெள்ளையாப் படிஞ்சிருக்கு. ஓரமெல்லாம் சிவந்து பல்லு பதிஞ்ச தடம். கீழுதட்டுல ரெண்டு புண். மேல அண்ணத்துல சிவப்புப் புள்ளி. எத்தனை நாளா எரியுது?"

"குழம்பு சூடா குடிச்சேன். சுட்டுக்கிட்டேன்னு நினைச்சேன். புண்ணு, பல்லு கடிச்சதுன்னு…"

"ஒரு நோயாளி வந்து உன்கிட்ட இப்படிச் சொன்னா நம்புவியா?"

நம்பமாட்டேன். இரண்டு நாள் முன்பு வீட்டில் அம்மா கருவாடு வறுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்றுகொண்டே, "தொட்டுக்க என்னம்மா?" என்று நான் கேட்டிருந்தேன். "இன்னாடி, தெரு முனையில கீறவனுக்கு வாடை அடிக்குது, ஒனக்கு வர்லியா?" என்றாள் அம்மா. களைப்பு என்றேன். அவளும் விட்டுவிட்டாள். அதை உன்னிடம் சொன்னேன். நீ டார்ச்சை அணைத்தாய். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாய்.

அந்த இரண்டடி எனக்கு வலித்தது. கண் கலங்கிவிட்டது. நீ அதைப் பார்த்தாய்.

"கோவிச்சுக்கோ, பரவாயில்ல. ஆனா தள்ளி நின்னு கோவிச்சுக்கோ" என்றாய்.

எனக்கும் சாருக்கும் பாசிட்டிவ் என்று வந்தது. உனக்கும் தேவிக்கும் இல்லை. அந்த முடிவு வருவதற்கு முன்பே நீயும் தேவியும் க்ளினிக்குக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, அந்த வாரம் நானும் சாரும் பார்த்த நோயாளிகள் எல்லோருக்கும் போன் போட்டீர்கள். சார் உன்னை போனில் அழைத்து மிரட்டினார் என்று தேவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நோயாளிகளில் பலரும் உன்னைத் திட்டினார்கள். வழக்குப் போடுவேன் என்றாராம் ஒருவர். "போடுங்க சார். முதல்ல வீட்ல பெரியவங்களைத் தனி ரூம்ல வைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழைத்தாயாம்.

என்னை ஒரு கல்லூரி விடுதியில் வைத்தார்கள். வரிசையாகக் கட்டில்கள். சாப்பாடு அட்டைப் பெட்டியில் வரும். எல்லாமே ஈர அட்டையைத் தின்பது போல இருக்கும். தண்ணீர்கூட இரும்பாகக் கசக்கும். தினமும் காலையில் உன் போன் வரும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று எதுவும் கேட்க மாட்டாய். "போட்டோ அனுப்பு" என்பாய். நாக்கைப் படம் எடுத்து அனுப்புவேன். பக்கத்துக் கட்டில் அக்கா என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பாள். நீ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஓரம் ஆறுது. நடுவுல இன்னும் இருக்கு. உப்புத் தண்ணி கொப்பளிக்கறதை நிறுத்தாதே" என்பாய். நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்ன நாட்களில் உனக்குச் சந்தேகம் அதிகமாகும். இரண்டு படம் கேட்பாய்.

அப்பாவுக்கு இருமல் வந்தது. அந்த நாட்களை நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு முறை சோதித்தார்கள். இரண்டு முறையும் இல்லை என்றுதான் வந்தது. அது பீடி இருமல். அதைக் கேட்டு அம்மா முதல்முறையாக பீடியை வாழ்த்தினாள்.

சாருக்கு மூச்சுத் திணறி ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்து வந்தார். க்ளினிக்கை மறுபடி திறந்தபோது நம் இருவரையும் கூப்பிட்டு, "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றார். பாவமாக இருந்தது எனக்கு. வெளியே வந்ததும், பாவம் அவர், என்னைப் போலத்தானே, எனக்கும்தான் தெரியவில்லை என்று சொன்னேன்.

நீ ஸ்கூட்டரில் சாவியைப் போட்டுவிட்டுத் திருப்பாமல் நின்றாய். "நீ இழுத்து மோந்து பார்த்துட்டு காபின்னு சொன்ன. உன் ஞாபகம் உன்னை ஏமாத்திடுச்சு. அவர் மோந்து பார்க்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டார். அவர் வீட்லேருந்தே தயார் பண்ணிட்டு வந்த பதில்டி அது."

அவருக்குத் தெரிந்திருந்ததா? போன வாரம் எடுத்ததாகச் சொன்ன சோதனையை உண்மையிலேயே எடுத்தாரா? எடுத்திருந்தால் அதில் என்ன வந்தது? எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. சில மாதங்களுக்கு முன் வேளச்சேரியில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். அன்பாக விசாரித்தார். உன்னைப் பற்றிப் பேசும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரையும் நான் உன்னைப் போலவே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வருடக் கடைசியில் நாம் இருவரும் அங்கிருந்து விலகினோம். நான் கீழ்க்கட்டளையில் இந்த க்ளினிக்குக்கு வந்தேன். நீ பள்ளிக்கரணையில் ஒன்றில் சேர்ந்தாய். எனக்கு ருசி மெல்லத் திரும்பியது. முதலில் உப்பு, கடைசியில் கசப்பு. வாசனை முழுசாகத் திரும்பவில்லை. மல்லிகைப் பூ எனக்கு இன்றும் ரப்பர் மாதிரிதான். அதை நான் முதலில் சொன்னது உன்னிடம். "ரப்பர்னா டயரா, அழிரப்பரா?" என்று கேட்டாய்.

இரண்டாவது அலை வந்தபோது நோன்புக் காலம். நீ முதல் ஊசி போட்டிருந்தாய். இரண்டாவதற்கு இன்னும் நாள் வரவில்லை. ஒரு சாயங்காலம் நோன்பு திறக்க உன் மாமியார் கஞ்சி கொடுத்திருக்கிறார். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்புப் போடலையா மாமி?" என்று கேட்டிருக்கிறாய். அவர் குடித்துப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறதே என்றார். உன் கணவரும் சரியாக இருக்கிறது என்றார். கஞ்சிக் கிண்ணத்தோடு எழுந்து மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

அங்கிருந்துதான் என்னை அழைத்தாய். "நாக்குல இரும்பு ருசி. ஓரம் எரியுது. வாய் ரெண்டு நாளா வறண்டு கிடக்கு. நோன்பு வாய் அப்படித்தான்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் ரெண்டு நாள் அப்படித்தான்டி நம்பிட்டேன்."

படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினாய். நீ அன்று என் வாயில் பார்த்ததை நான் உன் வாயில் பார்த்தேன். உதட்டுப் புண் மட்டும் இல்லை. மற்ற எல்லாம் இருந்தது.

சோதனையில் நெகட்டிவ் என்று வந்தது. வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. எனக்கும்தான். "அதான் வந்துடுச்சே, கீழ இறங்கி வா" என்று உன் கணவர் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். நீ இறங்கவில்லை. "அந்தக் குச்சி தப்புன்னு நான் சொல்லல. ஆனா என் நாக்கு அதுக்கு முன்னாடியே சொல்லிடுச்சு. திரும்ப எடுக்கலாம். அதுவரைக்கும் யாரும் படி ஏறாதீங்க" என்றாய். உன் மாமியாருக்கு மனது கஷ்டமாகிவிட்டது. நோன்பு திறக்கும் நேரத்தில்கூட மருமகள் கூட உட்காருவதில்லை, எங்களையே சந்தேகப்படுகிறாள் என்று சொந்தக்காரர்களிடம் அழுதார். உன் மகளுக்கு அப்போது ஆறு வயது. படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து, "அம்மா என்கூட டூ விட்டுட்டாங்க" என்று கத்திக்கொண்டே இருப்பாளாம். நீ மேலிருந்து பதில் சொல்வதில்லை என்றாய். சொன்னால் அவள் படி ஏறிவிடுவாள் என்று பயந்தாய்.

"ஒரு வார்த்தை பேசினா என்னடி?" என்று நான் உன்னோடு சண்டை போட்டேன்.

"நீ அவளைப் பெத்தவ இல்ல. ஒரு வார்த்தை போதும் அவளுக்கு, மேல வந்துடுவா" என்றாய்.

இரண்டாவது சோதனையில் பாசிட்டிவ் என்று வந்தபோது உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. அடுத்து நடந்ததை நான் விரிவாக எழுதப் போவதில்லை. உன் கணவரும் நானும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் படுக்கை தேடினோம். தாம்பரத்தில் கேட்டோம், குரோம்பேட்டையில் கேட்டோம், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டோம். கடைசியில் ஒன்று கிடைத்தது. ஆம்புலன்ஸில் ஏறும்போது மாஸ்க்கோடு ஜன்னல் வழியாக மகளைப் பார்த்துக் கையசைத்தாயாம். அவள் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரவில்லை. அடக்கத்துக்கு நான்கைந்து பேரைத்தான் விட்டார்கள். நான் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரை மணலில் உட்கார்ந்து உன் எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருந்தேன். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. அதையும் நான் நம்பவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தேன்.

உன் வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை. எழுபதைத் தாண்டிய, சர்க்கரை நோய் உள்ள உன் மாமியாருக்கு வரவில்லை. உன் கணவருக்கு வரவில்லை. உன் மகளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. பல மாதம் கழித்து உன் மாமியார் என்னிடம் சொன்னார்: "அந்தப் புள்ள எங்களை ஒதுக்குதுன்னு நெனச்சேம்மா. அது தன்னையில்ல ஒதுக்கிக்கிச்சு." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உன் மகளைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். போன மாதம் உன் கணவர் அவளை என்னிடம் அழைத்து வந்தார். உன் உயரத்துக்கு வந்துகொண்டிருக்கிறாள். கடைவாயில் வலி. நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. என் கையில் இருந்த, பல் பார்க்கும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, இது சும்மா கழுவினதா, மெஷின்ல வேகவச்சதா?"

"மெஷின்ல வச்சதுதான்மா."

"நான் பார்க்கலையே."

உன் கணவருக்குச் சங்கடமாகிவிட்டது. "டாக்டர்கிட்ட அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா. அவங்க உங்கம்மாவோட ஃப்ரெண்டு" என்றார். கேட்கட்டும் என்றேன். கையிலிருந்ததை வைத்துவிட்டு, கருவியைப் போட்டுச் சீல் வைத்த புது உறை ஒன்றை எடுத்து வந்து அவள் முன்னால் காட்டினேன். சூட்டில் வெந்தால் அதன் மேலிருக்கும் பட்டை நிறம் மாறும் என்று விளக்கினேன். அவள் அதை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "மாறாதது எப்படி இருக்கும்? அதையும் காட்டுங்க" என்றாள்.

கொண்டுவந்து காட்டினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். ஒப்பிட்டு முடித்த பிறகுதான் சாய்ந்து படுத்து வாயைத் திறந்தாள். சின்னச் சொத்தைதான். அடைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் உறையை அவர்கள் கண்ணெதிரில்தான் பிரிக்கிறேன். பட்டையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுகிறேன். பெரும்பாலானவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. போனைப் பார்த்துக்கொண்டே, "பரவாயில்ல டாக்டர், உங்க மேல நம்பிக்கை இருக்கு" என்று வாயைத் திறந்துவிடுகிறார்கள். எனக்கு இப்போதெல்லாம் அவர்களை நினைத்துத்தான் பயம்.